மூன்று இடத்தில் சரி, மற்ற இடமெல்லாம் தவறு: ஓர் இரண்டாம் வகைக்கெழுவை வரைந்து பார்த்த அனுபவம்

அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள். போன சனிக்கிழமை மதியம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். நோட்டில் முக்கால் பக்கத்துக்கு ஒரு கணக்கு, அதன் கீழே ஒரே வரி: "மாமா, கைடு தப்பா, நான் தப்பா?"

அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்ல எனக்கு ஞாயிறு இரவு வரை ஆனது. நடுவில் அவளுக்குத் தவறான பதில் ஒன்றையும் சொல்லிவிட்டேன். எங்கே தவறினேன், எது கடைசியில் உண்மையைக் காட்டியது என்று நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன். வகையிடல் படிக்கிற பிள்ளைகளுக்கும், வீட்டில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காருகிறவர்களுக்கும் பயன்படும்.

கணக்கு இதுதான். பாடப் புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று இருக்கும். நான் இங்கே கிடைத்தூரத்துக்குக் க என்றும் உயரத்துக்கு உ என்றும் வைத்துக்கொள்கிறேன்.

உ = க / (க² + 1)

இதன் முதல், இரண்டாம் வகைக்கெழுக்களைக் காண்க. இடஞ்சார்ந்த பெருமம், சிறுமம், வளைவு மாற்றப் புள்ளிகள் (குழிவு மேல்நோக்கியதிலிருந்து கீழ்நோக்கியதாகவோ மறுபக்கமாகவோ மாறும் இடங்கள்) ஆகியவற்றைக் காண்க.

இந்த வளைவரை எனக்குப் பிடித்தமானது. இடப்பக்கம் அச்சுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு வந்து, பள்ளத்தில் இறங்கி, ஆதிப்புள்ளி வழியாக ஏறி, ஒரு மேட்டைத் தொட்டு, வலப்பக்கம் மறுபடி அச்சை நோக்கித் தாழ்ந்து போகும். பாம்பு நெளிவதுபோல இருப்பதால் இந்த வகை வளைவரைக்குப் பாம்பின் பெயரையே வைத்தவர் நியூட்டன். மூன்றாம் படி வளைவரைகளை அவர் இனம் பிரித்தபோது இதுவும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது.

அவள் வகுத்தல் விதியைப் போட்டு முதல் வகைக்கெழுவை, அதாவது வளைவரையின் சாய்வை, சரியாகவே எடுத்திருந்தாள்:

உ′ = (1 − க²) / (க² + 1)²

க = 1, க = −1 ஆகிய இரண்டு இடத்திலும் இது பூச்சியம். அந்த இரண்டும் தேக்கநிலைப் புள்ளிகள். அடுத்து, இதையே மறுபடி வகையிட்டு அவள் எழுதியிருந்தது:

உ″ = −2(க³ − க² + க + 1) / (க² + 1)³

இதில் க = 1 போட்டால் −0.5. குறை எண், அதனால் அங்கே பெருமம். க = −1 போட்டால் +0.5. மிகை எண், அதனால் அங்கே சிறுமம். கைடும் அதையேதான் சொல்கிறது. சிக்கல் அதற்கப்புறம். வளைவு மாற்றப் புள்ளி காண உ″-ஐப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் ஒரு முப்படிச் சமன்பாடு வருகிறது. அது காரணிப்படுத்தப் படியவில்லை. போனில் போட்டுப் பார்த்ததில் ஒரே ஒரு மெய்த்தீர்வு, ஏறத்தாழ −0.54. கைடிலோ 0, √3, −√3 என்று மூன்று விடைகள். கைடில் நடுப் படிகள் எதுவும் இல்லை, விடை மட்டும்தான்.

"பெருமம் சிறுமம் ரெண்டும் கரெக்டா வருதே மாமா, அப்போ என் ரெண்டாவது வகைக்கெழு சரிதானே?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

முதல் முயற்சி: மூன்று புள்ளிகளில் சோதனை

நான் அவளுடைய படிகளைப் பார்க்கவில்லை. கையால் போட்ட கணக்கைக் கண்ணால் சரிபார்த்தால், எழுதியவர் எங்கே தவறினாரோ அதே இடத்தில் நாமும் வழுக்கிவிடுவோம். அதனால் விடையை மட்டும் எண்களால் சோதிக்கலாம் என்று மடிக்கணினியில் லிப்ரே ஆஃபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளைத் திறந்தேன்.

முறை எளிது. ஒரு புள்ளியில் சாய்வு வேண்டுமென்றால், அதற்குச் சின்ன இடைவெளி முன்னால் ஒரு உயரம், அதே இடைவெளி பின்னால் ஒரு உயரம் எடுத்து, இரண்டின் வித்தியாசத்தை இடைவெளியின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். இரண்டாம் வகைக்கெழுவுக்கு, முன் உயரத்தையும் பின் உயரத்தையும் கூட்டி, நடு உயரத்தின் இரு மடங்கைக் கழித்து, இடைவெளியின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். வகையிடல் விதி எதுவும் இதற்குள் வராது. மூலச் சார்பு மட்டும்தான் வேலை செய்கிறது. அதனால்தான் இதை ஒரு தனிச் சாட்சியாக நம்பலாம்.

இடைவெளி 0.01 வைத்து க = 1-ல் பார்த்தேன்: −0.500025. அவளுடைய சூத்திரம் −0.5. பொருந்துகிறது. க = −1-ல் அதே எண், குறி மட்டும் மாறி. அதுவும் பொருந்துகிறது. முழு எண்களில் மட்டும் பார்த்தால் போதாது, ஒரு பின்னத்திலும் பார்க்கலாம் என்று க = 0.5 எடுத்தேன். கால்க் −1.4079 என்றது. அவளுடைய சூத்திரம் −1.408.

மூன்று இடம், மூன்றிலும் பொருத்தம். "உன் வகைக்கெழு சரிதான்மா. கைடில்தான் அச்சுப் பிழை போலிருக்கு" என்று அனுப்பிவிட்டேன். அவள் கட்டைவிரல் ஒன்று போட்டாள்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மனசு ஒப்பவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பாம்பு தெரிகிறது. ஆதிப்புள்ளியில் அது ஒரு வளைவிலிருந்து எதிர் வளைவுக்கு மாறியே ஆக வேண்டும். இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் மேடு. நடுவில் திருப்பம் 0-ல் இல்லாமல் −0.54-ல் எப்படி இருக்கும்? சார்பு ஒற்றைச் சார்பு. ஆதிப்புள்ளியைச் சுற்றி அரைச் சுற்று திருப்பினால் அதே படம்தான். −0.54-ல் ஒரு திருப்பம் இருந்தால் +0.54-லும் இருந்தாக வேண்டும்.

மூன்று எண்கள் ஒன்றைச் சொல்கின்றன, படம் வேறொன்றைச் சொல்கிறது. சரி, வரைந்தே பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். அவளை ஞாயிறு காலை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

ஞாயிறு: மூன்று தாள்கள்

தெருமுனைக் கடையில் மில்லிமீட்டர் கிராஃப் தாள் வாங்கினேன். அதோடு கூர்மையான பென்சில், ஒரு ஜோடி மூலைமட்டம், ஒரு துண்டுக் கண்ணாடி. கண்ணாடி எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். அங்கே கேம் (சுழன்றபடி இன்னொரு பாகத்தை ஏற்றி இறக்கும் இயந்திர உறுப்பு) வரையும்போது இடப்பெயர்ச்சி, திசைவேகம், முடுக்கம் மூன்றையும் ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே கிடை அளவில் வரைவோம். மேலே ஒரு புள்ளியில் ஸ்கேலை நிறுத்திச் செங்குத்தாகக் கீழே இறக்கினால் அந்தக் கணத்தின் மூன்று செய்திகளும் ஒரே கோட்டில் கிடைக்கும். அன்று அலுப்பாக இருந்தது. இப்போது, வகைக்கெழுவைச் சரிபார்க்க அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்று உறுதியாக நம்புகிறேன். தனித்தனிப் பக்கத்தில் மூன்று படம் போட்டால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒன்றின் கீழ் ஒன்று, கிடை அளவு மாறாமல், இதுதான் முக்கியம்.

கிடை அச்சில் ஓர் அலகுக்கு 2 செ.மீ. அப்படியானால் −4 முதல் 4 வரை 16 செ.மீ.-யில் அடங்கும். செங்குத்து அச்சில் ஓர் அலகுக்கு 10 செ.மீ. வளைவரை 0.5-க்கு மேலும் −0.5-க்குக் கீழும் போகாததால் இது தேவைப்பட்டது. 0, 0.25, 0.5, 0.75, 1, 1.5, 2, 3, 4 என்று ஒரு பக்கம் மட்டும் கணக்கிட்டோம். மறுபக்கம் அதே எண்கள், குறி மாற்றி. க = 0.5-லும் க = 2-லும் ஒரே உயரம், 0.4. 0.25-லும் 4-லும் ஒரே உயரம், 0.235. க-வுக்குப் பதில் அதன் தலைகீழி போட்டாலும் இந்தச் சார்பு மாறாது என்பதை அவளே கவனித்துச் சொன்னாள். எனக்கு அதுவரை தோன்றாதது.

இப்போது கண்ணாடி. வளைவரையின் மேல் ஒரு புள்ளியில் தொடுகோடு போடச் சொன்னால் எல்லாரும் ஸ்கேலை வைத்துக் கண்ணளவில் இழுப்போம். அதில் பிழை நிறைய வரும். பழைய ஆய்வக வழி ஒன்று உண்டு. ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைப் புள்ளியின் மேல் வளைவரைக்குக் குறுக்காக, தாளுக்குச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் உள்ள கோடும், உள்ளே தெரியும் அதன் பிம்பமும் சேருமிடத்தில் ஒரு முறிவு தெரியும். கண்ணாடியை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் அந்த முறிவு மறைந்து, கோடு வழவழவென்று பிம்பத்துக்குள் நுழையும். அப்போது கண்ணாடியின் அடிவிளிம்பு இருக்கும் கோடுதான் அந்தப் புள்ளியின் செங்கோடு. மூலைமட்டத்தை வைத்து அதற்குச் செங்குத்தாகக் கோடு இழுத்தால் தொடுகோடு. நம் கண் சாய்வை அளப்பதில் சோம்பேறி, ஆனால் முறிவைக் கண்டுபிடிப்பதில் படு கூர்மை. கண்ணாடி மெல்லியதாக இருக்கட்டும். ரசம் பூசிய பின்பக்க விளிம்புதான் புள்ளியின் மேல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியின் தடிமன் அளவுக்குப் புள்ளி நகர்ந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆதிப்புள்ளியில் தொடுகோடு போட்டுப் பார்த்தால் 2 செ.மீ. போகும்போது 9.7 செ.மீ. ஏறுகிறது. "சாய்வு 4.85, சூத்திரம் 1-ன்னு சொல்லுதே!" என்று அவள் பதறினாள். இரண்டு அச்சிலும் அளவு வேறு வேறு என்பதை மறந்துவிட்டோம். தாளில் தெரியும் சாய்வு உண்மைச் சாய்வைப்போல ஐந்து மடங்கு. 4.85-ஐ 5-ஆல் வகுத்தால் 0.97. கோணமானியை வைத்து அளக்கிறவர்கள் இதில் கட்டாயம் மாட்டுவார்கள். அதனால் கோணத்தை அளக்கவே வேண்டாம். அச்சில் எழுதிய எண்களைக் கொண்டு ஏற்றத்தையும் ஓட்டத்தையும் படிப்பதுதான் பாதுகாப்பு.

எங்களுக்குக் கிடைத்த அளவுகள்:

க = 0: கண்ணாடி 0.97, சூத்திரம் 1
க = 0.5: கண்ணாடி 0.47, சூத்திரம் 0.48
க = 1: கண்ணாடி 0, சூத்திரம் 0
க = 2: கண்ணாடி −0.116, சூத்திரம் −0.12
க = 3: கண்ணாடி −0.084, சூத்திரம் −0.08

ஒரு துண்டுக் கண்ணாடியும் பென்சிலும் இவ்வளவு நெருங்கி வந்ததில் இரண்டு பேருக்கும் சந்தோஷம். முதல் வகைக்கெழுவில் சந்தேகமே இல்லை. அதை இரண்டாம் தாளில், முதல் தாளின் நேர்கீழே வரைந்தோம். 0-ல் 1 என்ற உச்சி, 1-லும் −1-லும் அச்சை வெட்டல், பிறகு −0.12 அளவுக்கு ஓர் ஆழமில்லாத பள்ளம், அப்புறம் மெல்ல மெல்ல அச்சை நோக்கி மேலே திரும்புதல்.

இரண்டாம் தாளை வரைந்து முடித்ததும் பதிலும் முடிந்துவிட்டது. மூன்றாம் தாளுக்கு அவசியமே இருக்கவில்லை.

இரண்டாம் வகைக்கெழு என்றால் இந்த இரண்டாம் தாளில் உள்ள வளைவரையின் சாய்வு. 0-ல் என்ன தெரிகிறது? மலை உச்சி. தொடுகோடு படுத்துக் கிடக்கிறது. சாய்வு 0. அவளுடைய சூத்திரத்தில் க = 0 போட்டால் −2. தாளில் அது −10 சாய்வாகத் தெரிய வேண்டும், கிட்டத்தட்டச் செங்குத்தான சரிவு. உச்சியில் கண்ணாடியை நிறுத்தினேன். செங்குத்து அச்சோடு ஒட்டி நின்றது, இம்மியும் திரும்பவில்லை.

அவள் ஒன்றும் பேசாமல் தாளையே பார்த்தாள். பிறகு தானாகவே அடுத்ததைச் சொன்னாள்: "என் சூத்திரப்படி −0.54-க்கு வலப்பக்கம் பூரா உ″ குறை எண். அப்படின்னா உ′ இறங்கிக்கிட்டே இருக்கணும். ஆனா இங்க 2-க்கு அப்புறம் ஏறுதே."

அவ்வளவுதான். அதையே முதல் தாளிலும் படிக்கலாம். க மிகையாக இருக்கும்வரை உ-வும் மிகைதான். பாம்பு அச்சைத் தாண்டிக் கீழே போக முடியாது. மேட்டிலிருந்து இறங்குகிற வளைவரை கடைசிவரை கீழ்நோக்கியே குழிந்துகொண்டு போனால் எங்கோ ஓரிடத்தில் அச்சை வெட்டித்தான் தீரும். வெட்டவில்லை என்றால், வழியில் ஓரிடத்தில் மேல்நோக்கிய குழிவுக்கு மாறியிருக்கிறது என்று பொருள். வலப்பக்கம் ஒரு வளைவு மாற்றப் புள்ளி இருந்தே ஆக வேண்டும். இதைச் சொல்ல வகையிடலே தேவைப்படவில்லை.

அந்த மூன்று புள்ளிகள் ஏன் ஏமாற்றின

இப்போது அவளுடைய நோட்டைப் படி படியாகப் பார்த்தோம். பகுதியான (க² + 1)²-ஐ வகையிடும் இடத்தில் 2(க² + 1) என்று எழுதி நிறுத்தியிருக்கிறாள். சங்கிலி விதிப்படி உள்ளே இருக்கும் க² + 1-ஐயும் வகையிட்டு 2க-வால் பெருக்க வேண்டும். அந்த 2க விடுபட்டிருக்கிறது. ரொம்பச் சாதாரணமான பிழை.

ஆனால் அந்தப் பிழை ஒளிந்துகொண்ட விதம் சாதாரணமில்லை. 2க விடுபட்ட உறுப்பு (1 − க²) என்பதோடு பெருக்கப்பட்டிருக்கிறது. க = 1-லும் க = −1-லும் (1 − க²) பூச்சியம். அதனால் அந்த உறுப்பு முழுக்க மறைந்துவிடுகிறது. அதில் எவ்வளவு பெரிய பிழை இருந்தாலும் தெரியாது. பெருமம், சிறுமம் சோதிக்க நாம் போடுவதோ எப்போதும் முதல் வகைக்கெழு பூச்சியமாகும் புள்ளிகளைத்தான். பின்னமாக உள்ள சார்பில், முதல் வகைக்கெழுவின் தொகுதி பூச்சியமாகும் அந்த இடங்களில், பகுதியை வகையிட்டதில் நேர்ந்த எந்தப் பிழையும் வெளியே வராது. அதாவது, "பெருமம் சிறுமம் சரியாக வந்தது, ஆகவே உ″ சரி" என்கிற வாதம் இந்த வகைக் கணக்கில் எப்போதுமே செல்லாது. இதை அவளுடைய நோட்டின் ஓரத்தில் கட்டம் கட்டி எழுதச் சொன்னேன்.

நான் எடுத்த 0.5? அங்கே 2க = 1. ஒன்றால் பெருக்க மறந்தால் என்ன குறையப்போகிறது? எண் கோடு முழுவதிலும் இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாத இடங்கள் மூன்றே மூன்று: −1, 0.5, 1. மிகச் சரியாக அந்த மூன்றையும் பொறுக்கி எடுத்துச் சோதித்திருக்கிறேன். 0.7 எடுத்திருந்தால் அவளுடைய சூத்திரம் −0.939 என்றும் கால்க் −1.062 என்றும் சொல்லியிருக்கும், சனிக்கிழமையே முடிந்திருக்கும். சோதனைக்கு எண் எடுக்கும்போது 0.7, 1.3, −2.6 போன்ற அழகில்லாத எண்களை எடுப்பது நல்லது. 1, 2, ½ எல்லாம் கணக்குக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் எண்கள். அவற்றுக்கு வேண்டப்பட்டவர்கள் உள்ளே நிறைய இருப்பார்கள்.

விடுபட்டதைச் சேர்த்து அவளே மறுபடி போட்டாள்:

உ″ = 2க(க² − 3) / (க² + 1)³

பூச்சியமாகும் இடங்கள் 0, √3, −√3. கைடு சரி. மூன்றாம் தாளில் இதையும் வரைந்து, பழைய தவறான சூத்திரத்தை அதன் மேலேயே சிவப்பில் வரைந்தாள். இரண்டும் −1, 0.5, 1 ஆகிய மூன்று இடங்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, மற்ற இடமெல்லாம் பிரிந்து போகின்றன. −0.5-ல் உண்மை +1.408, சிவப்பு −0.128. அந்தத் தாளை எடுத்து வைத்திருக்கிறேன்.

தாள் எதுவரை நம்பலாம்

√3 என்ற இடத்தைத் தாளிலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்தோம். உ′-இன் பள்ளத்தின் அடி எங்கே இருக்கிறதோ அங்கேதான் உ″ பூச்சியம். ஆனால் 1.5-ல் பள்ளத்தின் ஆழம் 1.18 செ.மீ., 2-ல் 1.2 செ.மீ. வித்தியாசம் பென்சில் கோட்டின் தடிமன்தான். இந்தத் தாளில் அது நடக்காது. அதனால் அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக்கி வேறொரு தாளில் போட்டோம். 1.6-ல் −0.1231, 1.7-ல் −0.1249, 1.8-ல் −0.1246, 1.9-ல் −0.1228. அடி 1.7-க்கும் 1.8-க்கும் நடுவில், 1.7-க்குச் சற்று நெருக்கமாக. √3 என்பது 1.732.

கண்ணாடி முறை ரொம்பச் செங்குத்தான இடத்தில் சரியாக வராது. உ′-இல் 0.5-ஐச் சுற்றித் தாளில் சாய்வு −7 ஆகிறது. அங்கே கண்ணாடியை ஒரு மயிரிழை திருப்பினாலும் எண் எகிறுகிறது. அப்படிப்பட்ட இடத்துக்குச் செங்குத்து அளவைக் குறைத்து இன்னொரு தாளில் வரைவதே வழி.

மாலையில் கால்க்கில் −4 முதல் 4 வரை 0.1 இடைவெளியில் 81 வரிசை போட்டு, எண்முறை உ″-ஐ ஒரு நிரலிலும் சூத்திர உ″-ஐ இன்னொரு நிரலிலும் வைத்து, சிதறல் வரைபடமாகப் பார்த்தோம். ஒன்று மற்றதன் மேல் ஒட்டிக்கொண்டது. பக்கத்திலேயே தவறான சூத்திரத்தையும் போட்டிருந்தால் சனிக்கிழமை ஐந்து நிமிட வேலை. மூன்று புள்ளிக்குப் பதில் எண்பத்தொரு புள்ளி பார்ப்பதற்கு ஆகும் கூடுதல் உழைப்பு, கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுப்பது மட்டும்தான்.

"இடைவெளியை இன்னும் சின்னதாக்கினா இன்னும் துல்லியமா வருமா?" என்று கேட்டாள். ஓரளவுக்கு வரும். 0.1 வைத்தால் க = 1-ல் −0.5025, 0.01 வைத்தால் −0.500025. பத்தில் ஒன்றாகக் குறைத்தால் பிழை நூறில் ஒன்றாகக் குறைகிறது. அதே ஆசையில் நூறு மில்லியனில் ஒன்று, அதாவது 0.00000001 வைத்தோம். இரண்டாம் வகைக்கெழு நிரல் முழுக்கக் குப்பை. காரணம் இதுதான்: கணினி ஓர் எண்ணை ஏறத்தாழ 16 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்கிறது. அவ்வளவு நெருக்கத்தில் மூன்று உயரங்களும் ஏறக்குறைய ஒன்றே. அவற்றின் வித்தியாசம் பதினேழாம் இலக்கத்தில் இருக்கிறது, அதாவது கணினியிடம் இல்லவே இல்லை. இல்லாத ஒன்றை, இடைவெளியின் வர்க்கமான மிக மிகச் சிறிய எண்ணால் வகுத்தால் என்ன மிஞ்சும்? முதல் வகைக்கெழு இந்தச் சோதனையைக் கொஞ்சம் தாங்கும், இரண்டாவது தாங்காது. நான் இப்போது 0.001-ஐத் தாண்டிப் போவதில்லை.

கடைசியாகத்தான் ஜியோஜீப்ராவைத் திறந்தோம். 2001-ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோகன்வார்ட்டர் தன் முதுகலை ஆய்வாகத் தொடங்கிய மென்பொருள் இது. சார்பைக் கொடுத்தால் வகைக்கெழுவை அதுவே சொல்லி வரைந்தும் காட்டிவிடும். முதலிலேயே இதைத் திறந்திருந்தால் விடை கிடைத்திருக்கும், ஆனால் அந்த மூன்று புள்ளிகளின் விஷயம் தெரியாமலே போயிருக்கும். அதில் எனக்கு மிகப் பிடித்தது வேறு: வளைவரையின் மேல் நகரும் ஒரு புள்ளி, அதில் ஒரு தொடுகோடு, அதன் சாய்வையே உயரமாகக் கொண்ட இரண்டாவது புள்ளி. அந்த இரண்டாவது புள்ளிக்குச் சுவடு போட்டுவிட்டு முதல் புள்ளியை இழுத்தால், பின்னாலேயே உ′ வளைவரை புள்ளி புள்ளியாக உருவாகிக்கொண்டு வருகிறது. காலையில் இரண்டு மணி நேரம் கண்ணாடியோடு செய்த வேலை அது. செய்தவளுக்கு உடனே புரிந்தது.

கிளம்பும் முன் சைன் வளைவரையையும் பார்க்க வேண்டும் என்றாள். சைனின் வகைக்கெழு கொசைன், ஆகவே 0-ல் சாய்வு 1 வர வேண்டும். போன் கால்குலேட்டரில் எண்முறையில் போட்டால் 0.01745 வந்தது. கால்குலேட்டர் பாகையில் இருந்தது. 0.01745 என்பது π-ஐ 180-ஆல் வகுத்தது. பாகையை ரேடியனாக்கும் அதே எண். ரேடியனுக்கு மாற்றியதும் 1 வந்தது. நுண்கணிதத்தில் ஏன் ரேடியனை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று அவளுக்கு அன்றுதான் காரணம் கிடைத்தது: பாகையில் போனால் ஒவ்வொரு முறை வகையிடும்போதும் அந்த 0.01745 வந்து ஒட்டிக்கொள்ளும், இரண்டாம் வகைக்கெழுவில் அதன் வர்க்கம்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு கணக்கு கொடுத்தேன்: உ = க⁴. வளைவு மாற்றப் புள்ளி உண்டா? வகையிடும் முன் படம், படத்தில் பென்சிலால் உன் ஊகம், அப்புறம்தான் சூத்திரம் என்று நிபந்தனை.

செவ்வாய் இரவு படம் வந்தது. மூன்று வரைபடம், ஒன்றின் கீழ் ஒன்று, நேர்கோட்டில். மேலே கிண்ணம் போன்ற க⁴. நடுவில் 4க³, இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போகிறது, 0-ல் மட்டும் ஒரு கணம் தட்டையாகி மறுபடி ஏறுகிறது. கீழே 12க². 0-ல் அச்சைத் தொடுகிறது. உ″ = 0 என்று போட்டுவிட்டு "வளைவு மாற்றப் புள்ளி 0" என்று எழுதிவிடக்கூடிய இடம் இது. அவள் அங்கே அம்புக்குறி போட்டு எழுதியிருந்தாள்: "தொட்டுட்டு மேலேயே திரும்பிடுது, வெட்டல. குறி மாறல. அதனால இங்க திருப்பம் இல்ல, மாமா."